லைம் நோய்க்கு மருந்து முடிந்தும் காய்ச்சல் விடவில்லை: கூடவே வந்த தொற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோத்தகிரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்த கேள்வியின் சுருக்கம்: தங்கை அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் வேலை பார்க்கிறார். ஜூலையில் அங்குள்ள கேப் காட் கடற்கரைக்குப் போய்வந்த சில நாளில் முழங்காலுக்குப் பின்புறம் ஒரு தடிப்பு வந்து அகலமாகப் பரவியது. உண்ணி கடித்து வரும் லைம் நோய் என்று 10 நாளைக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். தடிப்பு மறைந்துவிட்டது. ஆனால் மாத்திரை சாப்பிட்ட நாட்களிலேயே விட்டுவிட்டுக் காய்ச்சல் இருந்திருக்கிறது. ஆகஸ்டில் ஊருக்கு வந்தார். வந்து 12 நாளில் குளிர்க்காய்ச்சல் பலமாகிவிட்டது. இரவில் படுக்கை நனைகிற அளவுக்கு வியர்வை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இங்கே எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4, பிளேட்லெட் 92 ஆயிரம், பிலிருபின் 2.3, டைபாய்டுக்கான வைடல் 1:80, மலேரியா கார்டு நெகட்டிவ். “லைம் தனியாக வராது, பார்டொனெல்லா, மைகோபிளாஸ்மா எல்லாம் கூடவே இருக்கும், வெளிநாட்டு லேபுக்கு ரத்தம் அனுப்பி மொத்த பேக்கேஜும் பாருங்கள்” என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்களாம். எதை எடுப்பது, நம் தோட்டத்து உண்ணியாலும் இதெல்லாம் வருமா என்று அண்ணன் கேட்கிறார்.

மலையில் காய்ச்சல் நோயாளிகளைப் பார்க்கும் பொது மருத்துவன் என்ற முறையில் முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பேக்கேஜுக்குப் பணம் கட்ட வேண்டாம். நாளைக் காலையே தங்கையை ஒரு மருத்துவரிடம் நேரில் கூட்டிப்போங்கள். மூன்று காரியம் நடக்க வேண்டும்: புதிதாக எடுத்த ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவி (ஸ்மியர்), உண்ணி கடித்துப் பரவும் பாபேசியா என்ற ஒட்டுண்ணி அதில் இருக்கிறதா என்று குறிப்பாகப் பார்ப்பது, உடம்பு முழுவதும் கருப்புப் பொருக்குப் புண் இருக்கிறதா என்று தேடுவது, நம் மலையில் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு ஐஜிஎம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பது. சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ நாளை வரை காத்திருக்கக் கூடாது. இன்று இரவே படுக்கை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏன் இந்த மூன்று என்றால், உங்கள் தங்கைக்குக் கடிபட்டிருக்கக்கூடிய இடம் இரண்டு. ஒன்று கேப் காட், இன்னொன்று உங்கள் தோட்டம். உண்ணிக் காய்ச்சல்களில் எந்த ஊரில், எந்தப் பூச்சி கடித்தது என்பதை வைத்துத்தான் சந்தேகப்பட வேண்டிய நோய்களின் பட்டியலே உருவாகிறது. லேப் அதற்கு அப்புறம்தான். பேக்கேஜ் டெஸ்டில் இந்தக் கேள்வியே கிடையாது. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால் ஏதாவது ஒன்று பாசிட்டிவ் என்று வரத்தான் செய்யும். அதைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கில் லைம் நோயைப் பரப்புவது கருங்கால் உண்ணி. அதன் இளம் பருவம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கடித்துக்கொண்டிருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. இந்த உண்ணி குஞ்சாக இருக்கும்போது பெரும்பாலும் அங்குள்ள வெள்ளைக்கால் எலியின் ரத்தத்தைக் குடிக்கிறது. லைம் நோய்க் கிருமியான பொரேலியா, சிவப்பணுவுக்குள் வாழும் பாபேசியா, வெள்ளையணுவுக்குள் வாழும் அனாபிளாஸ்மா மூன்றும் அந்த எலியிடம் இருக்கலாம். ஒரே எலியிடமிருந்து இரண்டு கிருமியை வாங்கிய உண்ணி, அடுத்த கடியில் இரண்டையும் மனிதனுக்குக் கொடுத்துவிடுகிறது. கூட்டுத் தொற்று உண்டாவது இப்படித்தான். எல்லா லைம் நோயாளிக்கும் இது இருக்கும் என்பது தவறு. அதேபோல, லைம் என்று பெயர் வைத்த பிறகு வேறு எதையும் தேட வேண்டியதில்லை என்பதும் தவறு.

தேடச் சொல்லும் குறிப்புகள் மிகச் சாதாரணமானவை. சரியான மருந்து தொடங்கி 48 மணி நேரம் கழிந்தும் நல்ல காய்ச்சல் நிற்கவில்லை என்றால் ஒரு குறிப்பு. ஹீமோகுளோபினோ வெள்ளையணுவோ பிளேட்லெட்டோ காரணமில்லாமல் குறைந்தால் இன்னொன்று. லைம் நோய் தனியாக வந்தால் இந்த எண்ணிக்கைகளைப் பெரிதாகக் குலைக்காது. உங்கள் தங்கையிடம் இரண்டு குறிப்பும் இருக்கின்றன. எந்த ஊர் லேபிலும் எடுக்கக்கூடிய சிபிசியும் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எல்எஃப்டியும் (கல்லீரல் பரிசோதனை), எடுத்த நாளிலேயே இதைச் சொல்லிவிட்டன.

இப்போது பாபேசியா. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தங்கையின் ரிப்போர்ட் இந்தப் பக்கம்தான் அதிகம் சாய்கிறது.

இது மலேரியாவைப் போலச் சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும் ஒட்டுண்ணி. அணு உடைவதால் ரத்தம் குறைகிறது, பிலிருபின் ஏறுகிறது, குளிரும் வியர்வையும் வருகின்றன. பிலிருபின் 2.3 என்றதும் மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிடுவோம். அதில் எவ்வளவு நேரடி, எவ்வளவு மறைமுகம் என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். மறைமுகப் பங்கு அதிகமாக இருந்து, எல்டிஹெச் என்ற என்சைம் உயர்ந்து, ஹாப்டோகுளோபின் என்ற புரதம் குறைந்து, ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணு கூடியிருந்தால் சிவப்பணு உடைகிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

டாக்சிசைக்ளின் பொரேலியாவைக் கொல்லும், அனாபிளாஸ்மாவையும் கொல்லும். பாபேசியாவை ஒன்றும் செய்யாது. தடிப்பு போய்க் காய்ச்சல் மட்டும் தங்கிவிட்ட கதைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. கேப் காடுக்குத் தெற்கே கடலில் நான்டகெட் என்று ஒரு தீவு இருக்கிறது. மண்ணீரல் உள்ள, மற்றபடி நல்ல உடல்நலத்தோடு இருந்த ஒருவருக்கும் பாபேசியா வரும் என்று 1969இல் முதலில் தெரியவந்தது அங்கேதான். அந்தக் கடற்கரை முழுக்கவே இந்த நோய்க்குப் பேர்போன பகுதி. கேப் காட் என்று ஒரு சொல் கேட்டாலே அங்குள்ள மருத்துவர்கள் ஸ்மியர் பார்த்துவிடுவார்கள். இங்கே நாம் சொன்னால்தான் பார்ப்பார்கள்.

மலேரியா கார்டு நெகட்டிவ் என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். அந்தக் கார்டு மலேரியா ஒட்டுண்ணியின் புரதங்களைப் பிடிக்கச் செய்யப்பட்டது, பாபேசியாவைப் பிடிக்காது. ஸ்லைடில் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ குழாயில் மணிக்கணக்கில் கிடந்த ரத்தத்தில் அணுக்களின் வடிவம் மாறிவிடும். எனவே எடுத்த உடனே மெல்லிய ஸ்மியர் போட்டு, ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டுப் பார்க்கும் நூறு மடங்கு லென்ஸில், அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் படரும் ஓரத்தில் நிதானமாகத் தேட வேண்டும். சிவப்பணுவுக்குள் நீலமாகச் சின்ன வளையம், வளையத்தில் ஊதாப் புள்ளி தெரியும். பார்த்ததும் ஃபால்சிபேரம் மலேரியா என்று எழுதத் தோன்றும், அவ்வளவு ஒற்றுமை. வித்தியாசம் இங்கே: மலேரியா ஒட்டுண்ணி வளர வளரப் பழுப்பு நிறமி சேரும், பாபேசியாவில் அது இருக்காது. ஃபால்சிபேரத்தில் வரும் பிறை வடிவம் இதில் வராது. ஒரே அணுவுக்குள் பல அளவு வளையங்கள் இருக்கும், அணுவுக்கு வெளியேயும் சில கிடக்கும். நான்கு சிறு துளிகள் நுனியில் சேர்ந்து சிலுவைபோல நிற்பது கண்ணில் பட்டால் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சிலுவை அரிது. அது தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

நோயின் தொடக்கத்தில் நூறு சிவப்பணுவில் ஒன்றில்கூட ஒட்டுண்ணி இல்லாமல் இருக்கலாம். ஒரு ஸ்லைடு நெகட்டிவ் என்றால் அடுத்தடுத்த நாட்களில் மறுபடி எடுக்க வேண்டும், கூடவே கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் செய்ய ஏற்பாடு செய்ய வேண்டும். வேலூர், கோவை, சென்னையில் உள்ள பெரிய மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் துறையில் முன்கூட்டியே பேசிவிட்டு மாதிரியை அனுப்பச் சொல்லுங்கள். ஆன்டிபாடி பரிசோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். முன்பு வந்து போன தொற்றுக்கும் அது நெடுநாள் பாசிட்டிவ் காட்டும்.

மேல்மலையில் மலேரியாவே அபூர்வமாகிவிட்டதால் ஸ்லைடில் வளையம் தேடிப் பழகிய கண்கள் குறைந்துவிட்டன. 1897இல் ரொனால்டு ராஸ் மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஊட்டிக்கு வந்து, சீகூர் பக்கம் இறங்கிப்போய், அவரே மலேரியாவில் படுத்தார். அந்த நோய்க்கு அப்படி ஒரு வரலாறு உள்ள மலை இது. இன்று சீட்டில் ‘ஸ்மியர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் மெஷின் கொடுத்த எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு முடித்துவிடுவார்கள். ‘பாபேசியா உள்ள பகுதியிலிருந்து வந்தவர், சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி தேடவும்’ என்று உங்கள் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி எந்தப் பேக்கேஜைவிடவும் பயனுள்ளது.

உறுதியானால் அடோவக்வோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 7 முதல் 10 நாள் கொடுப்பது வழக்கம். நோய் கடுமையாக இருந்தால் மருத்துவமனையில் சேர்த்து, ஊசிவழி மருந்தோடு தொடங்குவார்கள். சிவப்பணுக்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒட்டுண்ணி புகுந்தவர்களுக்கு ரத்தத்தையே மாற்ற வேண்டிவரலாம். குளோரோகுயின் இதற்கு வேலை செய்யாது. மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், வயதானவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். தங்கைக்கு இதில் ஏதாவது உண்டா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அனாபிளாஸ்மா வேறு மாதிரி. திடீர்க் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, உடம்பு வலி. வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் குறையும், கல்லீரல் என்சைம்கள் ஏறும், சிவப்பணு உடையாது. முதல் வாரத்தில் சிலரது ஸ்மியரில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவுக்குள் ஊதா நிறத்தில் கிருமிக் கொத்து தெரியும். டாக்சிசைக்ளின் கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், இறங்காவிட்டால் நோயே வேறு என்று யோசிக்க வேண்டும். உங்கள் தங்கை அந்த மருந்தைத்தான் சாப்பிட்டார், ஆகவே இது பட்டியலில் கீழே போகிறது. லைமுக்கு அமாக்சிசிலின் கொடுக்கப்பட்ட ஒருவருக்கு இதே காய்ச்சல் என்றால் நான் அனாபிளாஸ்மாவை மேலே வைத்திருப்பேன், ஏனென்றால் அமாக்சிசிலின் அதைத் தொடாது. என்ன மருந்து, எத்தனை நாள் என்ற பழைய சீட்டைக் கையில் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொரேலியா மியாமோட்டோய் என்ற உறவுக்காரக் கிருமி விட்டுவிட்டுக் காய்ச்சலை உண்டாக்கும், தடிப்பு பெரும்பாலும் வராது, டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படும். பொவாசன் வைரஸ் மூளையைத் தாக்கும். லைம் கிருமி உடம்புக்குள் வர உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், இந்த வைரஸுக்கோ கால்மணி நேரம் போதும். இதற்கென்று மருந்து கிடையாது. கழுத்து விறைப்பு, குழப்பம், வலிப்பு இருந்தால்தான் இதைத் தேடுவோம். அனாபிளாஸ்மாவின் உறவான எர்லிக்கியா என்ற கிருமியில் முக்கியமான வகையைப் பரப்புவது வேறொரு உண்ணி, கருங்கால் உண்ணி அல்ல.

பார்டொனெல்லா பற்றித் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பூனைக் கீறலாலும் தெள்ளுப்பூச்சியாலும் வரும் பார்டொனெல்லா நோய்கள் உண்மை. உண்ணி கடித்து மனிதனுக்கு பார்டொனெல்லா வந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. லைமோடு மைகோபிளாஸ்மா ‘கூடவே வரும்’ என்பதும் அப்படித்தான். உயிருள்ள ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் காட்டி ‘இதோ கிருமி’ என்பது, சிறுநீரில் லைம் ஆன்டிஜன், சிடி57 என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை, இவற்றை எந்த முக்கியமான மருத்துவ அமைப்பும் ஏற்கவில்லை. இவற்றை நம்பி மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு வயிறும் கல்லீரலும்தான் கெட்டன. லைமுக்குச் சரியான சிகிச்சை முடிந்தபின்னும் சிலருக்கு அசதியும் மூட்டு வலியும் மாதக்கணக்கில் நீடிப்பது நிஜம், அதை மனப்பிரமை என்று ஒதுக்கக் கூடாது. ஆனால் அவர்களுக்கு 12 வாரம் கூடுதலாக ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2016இல் வெளியானது. கூடுதல் மருந்தால் பலன் இல்லை. உங்கள் தங்கையின் நிலை அதுவும் அல்ல. ரத்தம் குறைந்து, பிளேட்லெட் இறங்கி, காய்ச்சல் அடிக்கிற உடம்பை ‘நீடித்த லைம்’ என்று பெயர் சொல்லி உட்காரவைப்பது ஆபத்து.

இப்போது நம் மலைப் பட்டியல். ஊருக்கு வந்து 12 நாளில் காய்ச்சல் பலமானது என்றீர்கள். ஸ்க்ரப் டைபஸ் வெளிப்பட எடுத்துக்கொள்ளும் காலம் ஆறு முதல் இருபத்தொரு நாள், பெரும்பாலும் பத்து நாள் அளவில். தேயிலைக் காட்டு ஓரம், உண்ணிச்செடிப் புதர், புல் மண்டிய வரப்பு, விறகு அடுக்கிய கொல்லைப்புறம், இங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு செம்பூச்சிக் குஞ்சு கடித்து வருவது இது. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஒரு வாரக் காய்ச்சலோடு பிளேட்லெட் குறைந்து வருபவர்களிடம் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அமெரிக்காவில் முடித்த 10 நாள் டாக்சிசைக்ளின், இங்கே வந்தபின் பட்ட கடிக்குப் பாதுகாப்பு ஆகாது.

இதற்கான தடயம் உடம்பிலேயே இருக்கும்: சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு சின்னக் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், இடுப்பு நாடா கட்டும் இடம், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று மறைவான இடங்களில் இருக்கும். கூச்சப்பட்டுக்கொண்டு ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் காய்ச்சலுக்கு ஊசி போட்டுப்போவது இந்தக் குளிரில் நடக்கிற ஒன்று. அம்மாவோ அண்ணியோ கூட இருந்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்கட்டும். பொருக்கு கிடைத்துவிட்டால் ஐஜிஎம் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கிவிடலாம். நோய் கடுமையானால் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து ஊசிவழி கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது.

நாய் உண்ணியால் வரும் இந்திய உண்ணிக் காய்ச்சலில் உள்ளங்கை, உள்ளங்கால் வரை புள்ளிகள் வரும். இதற்கும் டாக்சிசைக்ளின்தான். முதுமலை, கூடலூர் பக்கக் காடுகளுக்குள் போய்வந்தவர் என்றால் குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர் காட்டு நோயையும் நினைக்க வேண்டும். 1957இல் ஷிமோகா பக்கம் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் 2012-13இல் பந்திப்பூரிலும், நீலகிரியில் இறந்துகிடந்த குரங்குகளிலும் தென்பட்டது. டிசம்பர் முதல் மே வரைதான் இதன் காலம், உங்கள் தங்கைக்கு இது பொருந்தவில்லை. மேட்டுப்பாளையம், கோவை போய்வந்திருந்தால் டெங்குவையும் பாருங்கள். வைடல் 1:80 என்பதை டைபாய்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நம் ஊரில் ஆரோக்கியமானவர்களுக்கும் அந்த அளவு வரும். டைபாய்டா என்று தெரிய ரத்த கல்ச்சர்தான் வழி.

தோட்டத்து உண்ணியால் லைம் வருமா என்ற கேள்விக்கு: இமாசலம், அரியானா, வயநாடு என்று இந்தியாவில் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் உண்டு. வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் கோத்தகிரியை விட்டு வெளியே போகாத ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் நான் முதலில் லைம் ஆன்டிபாடி கேட்க மாட்டேன். நோய் அபூர்வமாக உள்ள ஊரில் அந்த எலைசா பாசிட்டிவ் என்று வந்தால் பெரும்பாலும் அது பொய்யான பாசிட்டிவ். இரண்டாம் கட்ட உறுதிப் பரிசோதனை இல்லாமல் அந்தக் காகிதத்தை நம்பக் கூடாது. தடிப்பைப் பற்றியும் ஒன்று: புத்தகப் படங்களில் வெள்ளைத் தோலில் சிவப்பு வளையமாகத் தெரிவது நம் நிறத்துத் தோலில் அப்படித் தெரியாது. கன்றிப்போன மாதிரி, ஊதாவோ பழுப்போ படர்ந்து, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நாளுக்கு நாள் அகலும். அங்கேயே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள், வளையம் தெரியவில்லை என்று தள்ளிப்போட்டுவிடுவார்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு காகிதத்தில் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்: கேப் காடில் இருந்த நாட்கள், தடிப்பு வந்த நாள், மாத்திரை தொடங்கி முடித்த நாள், விமானம் ஏறிய நாள், தோட்டத்துக்குள் போன நாட்கள், காய்ச்சல் தொடங்கிய நாள். கருத்தரித்திருக்க வாய்ப்பு உண்டா என்பதையும் சொல்லிவிடுங்கள், மருந்துத் தேர்வு அதனால் மாறும். பாஸ்டனில் பார்த்த மருத்துவரின் கிளினிக்குக்கு இன்றே மெயில் போட்டு ஜூலை, ஆகஸ்ட் மாத சிபிசியை அனுப்பச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் அங்கிருக்கும்போதே இறங்கத் தொடங்கியிருந்தால் பாபேசியாவின் பக்கம் பலமாகும், அங்கே 12.5 இருந்து இங்கே வந்தபின் எல்லாம் சேர்ந்து இறங்கியிருந்தால் நம் மலைக் காய்ச்சலின் பக்கம் பலமாகும். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கவும் முடியும். ஸ்க்ரப் டைபஸ் பாசிட்டிவ் வந்துவிட்டது என்று ஸ்மியரை விட்டுவிடாதீர்கள்.

பாபேசியா ரத்தம் ஏற்றுவதாலும் பரவும். ஆகவே இது முடிவாகும்வரை தங்கை யாருக்கும் ரத்தம் கொடுக்கக் கூடாது. நோய் உறுதியானால், குணமான பிறகும் எந்த ரத்த வங்கியிலும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்மியர் முடிவு வந்ததும், ஹீமோகுளோபினும் எல்டிஹெச்சும் எவ்வளவு என்று சேர்த்து எழுதுங்கள், அடுத்தது என்ன என்று பார்க்கலாம்.